நார்க்கட்டிலில் நாலு ஸ்வெட்டர்

கார்த்திகை 22

மூன்று நாளாகச் சேர்வராயன் மலை கண்ணில் படவில்லை. வாசலில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தோடு உலகம் முடிந்துவிடுகிறது. அதில் ஏறிய மிளகுக்கொடி சொட்டிக்கொண்டே இருப்பதால் மரம் அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். மழை என்று சொல்ல முடியாது. மேகம் இறங்கி வந்து ஊருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

பீரோவைத் திறந்தேன். வைக்கோல் நிறத்தில் சின்னதாக ஒன்று, வெளிச்சம் பட்டதும் மடிப்புக்குள் ஓடியது. அந்துப்பூச்சி. உள்ளே நாலு ஸ்வெட்டர். நாலும் என் மனைவி கையால் பின்னியவை. மகளின் பிரசவத்துக்காக அவள் சேலத்துக்கு இறங்கிப் பதினோரு நாள் ஆகிறது.

பூச்சி தின்பதில்லை. அதன் புழுதான் தின்கிறது, அதுவும் வேர்வையும் எண்ணெயும் பட்ட இடமாகப் பார்த்து. துவைத்தே ஆகவேண்டும். போன் போட்டேன்.

“ஏங்க, வெயில் வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?”

“நான் பொறுப்பேன். புழு பொறுக்காது.”

“சரி. பிழியாதீங்க. கொடியில போடாதீங்க. மத்தது உங்க இஷ்டம்.”

துணி துவைப்பதில் எனக்குத் தெரிந்ததே அந்த இரண்டும்தான்.

கார்த்திகை 23

நேற்று இரவே பூந்திக்கொட்டையை ஊறப்போட்டிருந்தேன். சலவை சோப்பு ஆகாது. கம்பளி என்பது முடி. நம் தலையில் இருக்கும் அதே கெரட்டின். காரத்தில் அது இளகி, பிறகு முரடாகிவிடும். பூந்திக்கொட்டைத் தண்ணீரை வடிகட்டி வாளியில் விட்டு, பச்சைத் தண்ணீரின் கடுகடுப்பு போகும் அளவுக்கு மட்டும் வெந்நீர் கலந்து, பழுப்பு ஸ்வெட்டரைப் போட்டேன்.

முங்க மாட்டேன் என்கிறது. அமுக்கினால் இன்னொரு பக்கம் எழும்புகிறது. இழையின் மேல்தோல் தண்ணீரைச் சீக்கிரம் ஏற்பதில்லை. நடுவில் அடைபட்ட காற்று வேறு. கால் மணி நேரம் கழித்துத்தான் பெருமூச்சு விட்டதுபோல் ஒரு குமிழி விட்டு உள்ளே போனது. ஆற்றில் மிதந்து வந்த கரடியைக் கம்பளி மூட்டை என்று நினைத்துப் பாய்ந்தவனின் கதையை நாம் சிரித்துக்கொண்டே சொல்வோம். அதைக் கட்டியவனுக்குக் கம்பளி தெரிந்திருக்கிறது. முதலில் மிதக்கும். அப்புறம் பிடித்தவனை விடாது.

இரண்டாவது பாதி எனக்கு வாளியிலிருந்து தூக்கும்போது விளங்கியது. தோளைப் பிடித்துத் தூக்கினேன். கை இரண்டும் சரசரவென்று நீண்டு வாளியை விட்டு வரவே மறுத்தன. சட்டென்று கீழே விட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்து, குளிப்பாட்டிய குழந்தையை எடுப்பதுபோல் எடுத்தேன்.

இருபது வருடம் முன்பு இதே ஸ்வெட்டரை நான்தான் கொடியில் தொங்கவிட்டேன். தோளுக்கு இரண்டு கிளிப்பு. மார்கழி மூடுபனி, மூன்று நாள் தொங்கியது. இறக்கியபோது முழங்காலைத் தொட்டது. இடுப்பு ஒடுங்கி, தோளில் கிளிப்பு மாட்டிய இடம் காது முளைத்ததுபோல் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பிரித்து, உருண்டையாகச் சுற்றி, முதலிலிருந்து பின்னத் தொடங்கினாள். இரண்டு மாதம். ஊசியும் ஊசியும் உரசும் சத்தம்தான் அந்த இரண்டு மாதமும் எனக்குக் கிடைத்த திட்டு.

கார்த்திகை 23, மாலை

நம்மிடம் துணிக்கென்று இருக்கும் சொற்களை எண்ணிப் பார்த்தேன். துவைக்கிறோம், கும்முகிறோம், கசக்குகிறோம், அடிக்கிறோம், முறுக்குகிறோம், பிழிகிறோம், உதறுகிறோம். ஒருவனை நையப்புடைத்ததைச் சொல்லவும் ‘துவைச்சு எடுத்துட்டான்’ என்கிறோம். வேட்டியும் புடவையும் பருத்தி. நனைந்தால் பருத்திக்குப் பலம் கூடும். கல்லில் அறைந்தாலும் தாங்கும். கம்பளி நேர்மாறு. நனைந்தால் பலம் குறையும். அதன் இழையில் மீன் செதில்போல் நுண்ணிய அடுக்குகள் உண்டு; சூட்டிலும் ஈரத்திலும் கசக்கினால் ஒன்றின் செதில் இன்னொன்றில் மாட்டி இறுகி, ஸ்வெட்டர் குழந்தைச் சட்டையாகிவிடும். அப்படி இறுகியதைப் பிரித்தெடுக்க ஒருவராலும் முடியாது. நீண்டதையாவது பிரித்துப் பின்னலாம்.

ஆக, மேலே சொன்ன சொற்களில் ஒன்றும் இதற்கு உதவாது. அலசலாம், அமுக்கலாம், ஒற்றலாம். அவ்வளவுதான்.

ஒற்றிய விதம்: பெரிய ஈரிழைத் துண்டை விரித்து, அதன்மேல் ஸ்வெட்டரைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டினேன். அதன்மேல் ஏறி நின்று குதிகாலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்ல நடந்தேன். துண்டு நனைந்து கனத்தது. இன்னொரு துண்டு, இன்னொரு நடை. நனைப்பதற்கு முன் சமையலறைத் தராசில் 470 கிராம். வாளியிலிருந்து எடுத்து அமுக்கியபின் 1,250. இரண்டு துண்டுக்குப் பின் 860.

எடை போடுவது என் பழைய வியாதி. முப்பது வருடம் எஸ்டேட் ரைட்டர்.

கொல்லையில் கிடந்த நார்க்கட்டிலைக் கூடத்துக்கு இழுத்து வந்தேன். நாரின் தடம் பதியாமலிருக்கப் பழைய கொசுவலையை இரண்டாக மடித்து மேலே போட்டு, ஸ்வெட்டரைப் படுக்கவைத்தேன். நெசவுத்துணியில் பாவும் ஊடும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நிற்கும். பின்னலில் ஒரே நூல், வளையத்துக்குள் வளையம். எந்தப் பக்கம் கனம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் வளையம் நீளும். படுத்திருக்கும்போது கனத்துக்கு இழுக்க இடமில்லை. அடியில் ரிப்பு விரிந்து கிடந்ததை உள்ளங்கையால் இரண்டு பக்கமும் தள்ளிச் சேர்த்தேன். கைகளை உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் விலக்கி வைத்தேன்; அக்குள்தான் கடைசியில் காயும்.

கார்த்திகை 24

காலையில் பால் கொண்டுவந்த அம்மா எட்டிப் பார்த்தார். இந்த மலையின் மலையாளிப் பழங்குடிக்காரர், பழம் பறிப்பு நாளில் தோட்டத்துக்குப் போவார். கட்டிலையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“களத்துல காபி போட்ட மாதிரி போட்டு வச்சிருக்கீங்களே சார்.”

சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபிச் செடி கொண்டுவந்தார் என்பார்கள். அன்றிலிருந்து ஏற்காட்டில் பாதிப் பேரின் பிழைப்பு எதையாவது உலர்த்துவதுதான். பல்பரில் தோலுரித்துக் கழுவிய பார்ச்மெண்டைக் களத்தில் மெல்லிசாகப் பரப்புவோம். மணிக்கு ஒரு தரம் கிளறி விடுவோம். உச்சிவெயில் கொளுத்தினால் மூடி வைப்போம்; அவசரமாகக் காய்ந்தால் மேலோடு வெடித்துவிடும். பொழுது சாயும் முன் குவித்துத் தார்ப்பாய் போடுவோம். பனி பட்டால் ஒருநாள் வெயிலும் வீண். ஈரம் பத்து விழுக்காட்டுக்குப் பக்கம் வந்ததா என்று பார்க்க மீட்டர் வருவதற்கு முன் பல்லால் கடித்துப் பார்த்தோம்.

இத்தனையும் தெரிந்தவன் வீட்டுக்கு வந்து ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கவிட்டிருக்கிறேன். தோட்டத்தில் தெரிந்தது வீட்டுக்குள் வரும்போது வாசலிலேயே செருப்போடு கழன்றுவிடுகிறது.

எடை 742. புரட்டிப் போட்டேன்.

கார்த்திகை 25

காற்றோட்டம் வேண்டுமென்று இரவு ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தேன். நேற்று ராத்திரி படுக்கும்போது 668. காலையில் 680.

தராசைத் தட்டிப் பார்த்தேன். தராசு சரிதான். ராத்திரி மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டிலில் படுத்துவிட்டுப் போயிருக்கிறது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைச் சுமக்கும். 15 டிகிரியில் அதற்கு 13 கிராம்கூடத் தாங்காது. மூடுபனி என்பது அதையும் நிரப்பிக்கொண்டு வழிகிற காற்று. அதனிடம் போய் ‘இந்த ஈரத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொள்’ என்று கேட்டிருக்கிறேன். தார்ப்பாய் போடத் தெரிந்தவனுக்கு ஜன்னலைச் சாத்தத் தெரியவில்லை.

சாத்திவிட்டேன். ஏற்காட்டின் பழைய வீடுகள் பலவற்றைப்போல இந்த வீட்டிலும் மேலே விசிறி கிடையாது. மே மாதம் கோடை விழா பார்க்க வந்த மருமகன் புழுக்கம் தாங்காமல் வாங்கிய டேபிள் ஃபேன் ஒன்று பரணில் இருந்தது. அதை எடுத்துத் துடைத்து, கட்டிலின் அடியில் காற்று போகும்படி வைத்தேன். துணியை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அது நகர்த்திக்கொண்டே இருக்கும். சூடு தேவையில்லை, நகர்ந்தால் போதும்.

சூடு என்றதும் நினைவு: அம்மா, பிள்ளை பெற்ற வீடுகளில் குமுட்டியில் கனல் போட்டு, சாம்பிராணி தூவி, மேலே கூடையைக் கவிழ்த்துக் குழந்தைத் துணியைப் பரப்புவாள். பருத்திக்கு அது சரி. கம்பளியைக் கனலுக்குப் பக்கத்தில் வைத்தால் முடி பொசுங்கும் வாடை வருமுன்பே அதன் மெதுமை போய்விட்டிருக்கும். கேஷ்மிலான் நூலில் பின்னியது இன்னும் மோசம். அது ஒருவகைப் பிளாஸ்டிக், ஈரத்தோடு சூடு பட்டால் தொளதொளத்து அப்படியே நின்றுவிடும்.

கார்த்திகை 26

அவளோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. வாஷிங் மெஷினின் ஸ்பின்னைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. என் எண்ணம், இந்த மாதிரி மேகம் பிடித்த நாளில் ஸ்வெட்டரைத் தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி ஒரு நிமிடம் மட்டும் சுற்றவிட்டால் பாதகமில்லை. அதில் உரசல் இல்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது, தண்ணீர் வெளியே தெறிக்கிறது. நாலு நாள் ஈரத்தில் கிடந்து முடைநாற்றம் பிடிப்பதைவிட அந்த ஒரு நிமிடம் மேல். இரண்டாவது ஸ்வெட்டரை அப்படித்தான் செய்தேன். நேராக 690-க்கு வந்துவிட்டது. போனில் இதைச் சொல்லவில்லை. இந்தக் குறிப்பேட்டையும் அவள் படிப்பதில்லை.

“கூடையில வச்சுக் கீழ கொண்டு வாங்களேன். இங்க மாடியில நிழல்ல போட்டா ஒரே மத்தியானம்.”

உண்மைதான். சேலத்தில் மாடி நிழலில் எதுவும் காயும். பேருந்தில் ஒரு மணி நேரம், இருபது கொண்டை ஊசி வளைவு. நாலு நாள் வேலை அரை நாளில் முடியும். போகவில்லை. ஈரத்தோடு மடித்தால் மடிப்பு பதிந்துவிடும் என்று காரணம் சொன்னேன். காரணம் அது இல்லை. வேறு என்ன என்று எழுதவும் தெரியவில்லை.

கார்த்திகை 28

இங்கே இவ்வளவு குளிர் இருந்தும் கம்பளி இந்த மண்ணுடையதல்ல. சேலம் மாவட்டத்தின் ஆடு மேச்சேரி ஆடு. கறிக்கும் தோலுக்கும் பெயர் பெற்றது. உடம்பில் கம்பளி கிடையாது, மான்போல் மொழுமொழுவென்று குட்டை முடி. தமிழ்நாட்டில் மெல்லிய கம்பளி தரும் ஆட்டைப் பார்க்க நீலகிரிக்குப் போகவேண்டும், அல்லது கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூருக்கு. மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் 1965 முதல் இருக்கிறது. புல்வெளியில் பாரத் மெரினோ மேய்வதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். மழையில் நனைந்துகொண்டே மேய்ந்தன. ஆடு தன் கம்பளியை எங்கே உலர்த்துகிறது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. உடம்புச் சூடும் காற்றும்தான். கொடியில் தொங்கும் ஆடு கசாப்புக் கடையில்தான் உண்டு.

ஏரிக்கரைக் கடைகளில் தொங்கும் ஸ்வெட்டர்களும் எங்கோ வடக்கே, பெரும்பாலும் லூதியானாவில் இயந்திரத்தில் பின்னியவை. அவற்றை ஹேங்கரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். காய்ந்த கம்பளிகூட வருடக்கணக்கில் தொங்கினால் தோளில் முட்டு விடும். விற்கிறவருக்கு வருடக்கணக்கில் தொங்கக் கூடாது என்பதுதான் வேண்டுதல்.

கார்த்திகை கடைசி நாள்

பழுப்பு ஸ்வெட்டர் 496-ல் நின்றுவிட்டது. இரண்டு நாளாக ஒரு கிராம் இறங்கவில்லை. தொட்டால் காய்ந்திருக்கிறது. கன்னத்தில் வைத்தால் சில்லென்று இல்லை. முகர்ந்தால் பூந்திக்கொட்டையின் லேசான புளித்த வாசம் மட்டும். ஆனால் தொடக்கத்தில் 470. அந்த 26 கிராம் எங்கே?

யோசித்தபின் பிடிபட்டது. 470 என்பதும் காய்ந்த எடை அல்ல. நான் முதலில் எடை போடும்வரை அது பீரோவுக்குள், கதவு சாத்திய நிலையில் இருந்தது. இப்போது கூடத்துக் காற்றில் கிடக்கிறது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் ‘நனைந்தது’ என்று கைக்குக் காட்டிக்கொடுக்காது. காற்றில் ஈரம் கூடினால் வாங்கும், குறைந்தால் விடும். முழுக்கக் காய்ந்த கம்பளி என்று நாம் எதை மடித்து வைக்கிறோமோ அதற்குள்ளும் ஒரு டம்ளர் தண்ணீரில் பாதியாவது இருக்கிறது. வாங்கும்போது கொஞ்சம் சூடும் வெளிவிடும். மேகத்துக்குள் நடக்கும்போது கம்பளி கதகதப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

‘காய்’ என்ற சொல்லில் சூடு இருக்கிறது; காய்ச்சலும் காய்ச்சுவதும் அதிலிருந்துதான். ‘உலர்’ என்பதில் காற்று இருக்கிறது. வேண்டியது இரண்டும் அல்லாத ஒன்று. சோற்றையும் சண்டையையும் புண்ணையும் நாம் ஆறவிடுகிறோம். பழுப்பு ஸ்வெட்டர் ஐந்தாம் நாளே ஆறிவிட்டது. நான்தான் தராசை வைத்துக்கொண்டு தொந்தரவு செய்திருக்கிறேன். வேப்பிலையைத் துணியில் முடிந்து, மடித்துப் பீரோவில் வைத்தேன். வேப்பிலைக்கு அந்துப்பூச்சி அஞ்சும் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மாதம் ஒருமுறை எடுத்து விரித்து வெளிச்சம் காட்டினால் அஞ்சும்.

மார்கழி 2

விடிந்ததும் மலை தெரிந்தது. சேர்வராயன் கோயில் இருக்கும் அந்தத் தட்டையான உச்சி, துடைத்து வைத்ததுபோல். ஊரே வெளியே வந்துவிட்டது. எதிர்த் தோட்டத்தில் தார்ப்பாயை உருவும் சத்தம். களத்தில் பழத்தைப் பரப்பும் மரப்பலகையின் சர் சர்.

கட்டிலைத் திண்ணைக்கு இழுத்தேன். வெயில் நேராகப் படாத பக்கம். மூன்றாவது ஸ்வெட்டர் வெள்ளை. வெயில் பட்டால் மஞ்சளிக்கும். ஜன்னல்களையும் பீரோவையும் திறந்துவிட்டேன். சாயங்காலம் ஒரு சபலத்தில் பழுப்பு ஸ்வெட்டரை எடுத்துத் தராசில் வைத்தேன். 474.

மார்கழி 4

நாலாவது ஸ்வெட்டர்தான் கனம். என்னுடையது. கழுத்து இரண்டு மடிப்பு, மணிக்கட்டில் நாலு விரற்கடை ரிப்பு. நேற்றுக் காலை கட்டிலுக்கு வந்தது. இழைக்குள் தண்ணீர் புகுந்ததும் அதன் உள்பிடிப்புகளில் சில அவிழ்ந்துவிடும். உலரும்போது எந்த நிலையில் கிடக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். பள்ளிக்கூட நாளில் மகள் ஈரத்தலையோடு சடை போட்டுக்கொண்டு போய், சாயங்காலம் பிரித்தால் முடி அலை அலையாக நிற்கும். அதே சங்கதி.

மத்தியானம் போன் வந்தது. மகளுக்கு இன்னும் வலி எடுக்கவில்லையாம். டாக்டர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். பிறகு:

“உங்க ஸ்வெட்டர் என்னாச்சு?”

“கட்டில்ல கிடக்கு.”

“கை நீளம் அளந்தீங்களா?”

அளக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அளந்தேன். “ரெண்டு ஜாண், நாலு விரல்.”

“உங்க ஜாணா, என் ஜாணா?”

“என்னோடதுதான்.”

கணக்குப் போடுகிறாள். எங்கோ சேலத்தில் ஒரு ஆட்டோ ஹாரன். “அப்ப சரி. அந்தப் பக்கத்துக் கை?”

“ரெண்டு ஜாண், அஞ்சு விரல்.”

“ஈரம் இருக்கா இன்னும்?”

குனிந்து மணிக்கட்டு ரிப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

“இருக்கு.”

“அப்ப ஒண்ணும் கெட்டுப்போயிடல. ஒரு விரல் அளவு உள்ள தள்ளி விடுங்க. இழுக்காதீங்க, தள்ளுங்க.”

தள்ளி விட்டேன்.